மூன்று திரைகளும் ஏழு கன்னியர் மலையும்



"ஒரு கணனிக்கு ஒரு மொனிட்டர் போதாதா? மூன்று எதற்கு?" என்று கேட்கும் வாப்பாமார் இப்போது பெருகிவிட்டார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை வீட்டில் இருக்கிறான். விமானியாக வேண்டும் என்கிறான். அதற்கு முன் வீட்டிலேயே ஓட்டிப் பழக வேண்டும் என்கிறான். பெரிய கணனி ஒன்று, மொனிட்டர் மூன்று, கையால் பிடிக்க ஒரு தண்டு, காலால் மிதிக்க இரண்டு பெடல் என்று பட்டியல் எழுதி மேசையில் வைத்துவிடுகிறான். அடியிலுள்ள தொகையைப் பார்த்ததும் வாப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. பாடம் முடிந்து நான் வெளியே வரும்வரை காத்திருந்து, "ஹஸ்ரத், இது இஸ்ராஃப் இல்லையா?" என்று கேட்கிறார்.

வீண்விரயமா இல்லையா என்பது வாங்கும் பொருளை மட்டும் பார்த்துச் சொல்லும் விஷயமல்ல. எதை முதலில் வாங்குகிறோம், எதைப் பிறகு வாங்குகிறோம் என்பதிலும் இருக்கிறது. நான் அரபுக் கல்லூரியில் ஓதியவன், கணனி பூட்டுபவன் அல்ல. ஆனால் என்னிடம் ஓதிய பிள்ளைகள் இந்த யந்திரத்தைக் கட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டிருக்கிறேன். என் பதில் இதுதான்: மூன்று திரைக்கு இடம் விட்டு, ஒரு திரையோடு ஆரம்பியுங்கள். காரணத்தைச் சொல்கிறேன், சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

உலகில் பெயர்பெற்ற முதல் பறப்புப் பயிற்சிப் பெட்டிக்கு ஜன்னலே கிடையாது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து பிங்ஹாம்டன் நகரில், ஓர்கன் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவரின் மகன் எட்வின் லிங்க். ஓர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளையும் பம்புகளையும் கொண்டே 1929ஆம் ஆண்டில் அவர் ஒரு பெட்டியைச் செய்தார். சிறு சிறகும் வாலும் வைத்த, பார்க்க விளையாட்டுச் சாமான் போன்ற பெட்டி. உள்ளே ஏறி உட்கார்ந்து மூடியை இழுத்து மூடிக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது. முன்னால் வட்ட வட்டமான மானிகள் மட்டும். தண்டை அசைத்தால் துருத்தி ஊதிப் பெட்டி சாயும், திரும்பும். ஆரம்பத்தில் இதைப் பெரும்பாலும் களியாட்ட மைதானங்களே வாங்கின. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் காவும் வேலையை ஏற்று, பனியிலும் முகிலிலும் அகப்பட்டுச் சில வாரங்களுக்குள் பலர் மாண்டார்கள். அதன் பிறகுதான் இராணுவம் ஓடிவந்து ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இலட்சக்கணக்கான விமானிகள் அந்த மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

ஏன் மூடினார்கள்? முகிலுக்குள் போனவனுக்குக் கண்ணால் பயனில்லை. காதும் பொய் சொல்லும். நம் உட்காதிலுள்ள திரவந்தான் நமக்குச் சமநிலையைச் சொல்கிறது. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே திரும்பிக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்தத் திரவம் அமைதியடைந்து "நேராகத்தான் போகிறாய்" என்று சொல்லிவிடும். சாய்வை நிமிர்த்தினால் மறுபக்கம் சாய்வது போலத் தோன்றும். அப்போது நம்ப வேண்டியது செயற்கை அடிவானத்தையும் உயரமானியையும் வேகமானியையும் திசைமானியையும்தான். இந்தப் பழக்கம் ஒரு திரையிலேயே வரும். சொல்லப்போனால் ஒரு திரையில்தான் நன்றாக வரும்.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். நம் மலையகத்திலேயே இதற்கு ஒரு சாட்சி நிற்கிறது. நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கம் போனவர்கள் ஏழு கன்னியர் மலையைப் பார்த்திருப்பீர்கள். சிங்களத்தில் சப்த கன்யா என்பார்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு 10 மணியளவில் அந்த மலையில் ஒரு டீ.சீ. 8 விமானம் மோதியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட, மார்ட்டின் எயார் என்ற ஒல்லாந்து நிறுவனத்தின் விமானம். உள்ளே 182 ஹஜ் பயணிகள், 9 பணியாளர்கள். வழியில் கட்டுநாயக்கவில் இறங்க இருந்தார்கள். 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இயந்திரக் கோளாறு என்று எதுவும் காரணமாகச் சொல்லப்படவில்லை. விமான நிலையத்திலிருந்து தாங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாக விளங்கிக்கொண்டார்கள். நெருங்கிவிட்டோம் என்று நம்பிக் கீழே இறங்கினார்கள் என்பதே விசாரணையின் முடிவு. விமானத்திலிருந்த டொப்ளர் வழிகாட்டிக் கருவியிலும் வானிலை ராடரிலும் மட்டும் தங்கியிருந்ததால் தவறான விளக்கத்துக்கு இடம் ஏற்பட்டது என்றும் அதில் கூறப்பட்டது. இருட்டில் மலை தெரியாது. பக்க ஜன்னல் பத்து இருந்தாலும் தெரியாது. அதற்குச் சரியாக மூன்று நாட்களுக்கு முன், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வெர்ஜீனியாவிலும் டீ.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் ஒன்று இதே போல இறங்கும் வழியில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன் பின்னர்தான், தரை நெருங்கினால் கத்தி எச்சரிக்கும் கருவியைப் பயணிகள் விமானங்களில் பூட்ட வேண்டும் என்று அமெரிக்கா கட்டாயமாக்கியது. நான்கு வருடம் கழித்து, 1978 நவம்பர் 15இல், ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய இந்தோனேசியரை ஏற்றிவந்த ஐஸ்லாந்து நிறுவன விமானம் கட்டுநாயக்க ஓடுபாதையை அடையுமுன் தென்னந்தோட்டத்தில் விழுந்தது; 262 பேரில் 183 பேர் உயிரிழந்தார்கள். அதுவும் இரவு. அன்று இடி மழை.

ஆகவே வாப்பாமாரே, பிள்ளை முதல் ஆறு மாதம் ஒரு திரையில் மானிகளைப் படிக்கட்டும்.

அப்படியானால் பக்கத் திரைகள் வெறும் அலங்காரமா? இல்லை. பிள்ளைகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. சிறிய விமானத்தில் பழகுபவனுக்கு முதல் பாடம் ஓடுபாதையைச் சுற்றி வருவது. இரத்மலானையில் மேலெழும்பி, திரும்பி, ஓடுபாதைக்குச் சமாந்தரமாக எதிர்த்திசையில் பறக்க வேண்டும். அப்போது ஓடுபாதை முன்னால் இல்லை. தோளுக்கு நேரே பக்கவாட்டில் இருக்கிறது. ஓடுபாதையின் முனை தோளுக்குப் பின்னால் சுமார் 45 பாகைக்குப் போகும்போது மீண்டும் திரும்ப வேண்டும். ஒரே ஒரு திரையை வைத்துக்கொண்டு இதைச் செய்வது, ஓட்டோவின் இரு பக்கமும் பலகை அடித்துவிட்டு கண்டி மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் திருப்பச் சொல்வது போன்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 அங்குல மொனிட்டரின் அகலம் சுமார் 53 சென்ரிமீற்றர். 60 சென்ரிமீற்றர் தள்ளி உட்கார்ந்தால் அது கண்ணுக்கு 48 பாகை அளவைத்தான் நிரப்பும். மூன்றைக் குதிரை லாடம் போல வளைத்து வைத்தால் 143 பாகை. இன்னும் நெருங்கி 50 சென்ரிமீற்றரில் உட்கார்ந்தால் 167 பாகை வரை போகும். கிட்டத்தட்ட இறக்கை நுனி வரை தெரியும். நம் இரு கண்களும் ஏறக்குறைய 180 பாகைக்கும் சற்று மேலாகப் பார்க்கின்றன. ஆக மூன்று என்பது பெருமைக்கு வந்த எண் அல்ல.

இனி யந்திரத்துக்கு வருவோம். கடைக்காரர் முதலில் காட்டுவது கிராபிக்ஸ் கார்டைத்தான், விலையும் அதற்குத்தான் அதிகம். ஆனால் பறப்புப் பாவனை மென்பொருள்களுக்கு ஒரு குணம் இருக்கிறது: வேலையில் பெரும்பங்கைப் புரொசெசரின் ஒரே ஒரு கரு இழுத்துக்கொண்டு ஓடும். கரு எத்தனை என்பதைவிட, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகம், உள்நினைவு எவ்வளவு என்பதே முக்கியம். ஏ.எம்.டி. நிறுவனம் 2022இலிருந்து வெளியிட்டுவரும், பெயரின் கடைசியில் எக்ஸ்3டி என்று வரும் வகை இந்த வேலைக்குப் பேர்போனது. அதிலே 96 மெகாபைட் உள்நினைவு இருக்கிறது. மூன்று திரைக்கு மூன்று தனித்தனிக் காட்சிகளைக் கணக்கிட வேண்டும் என்பதால் புரொசெசரின் சுமை இன்னும் கூடும். ரெம் 32 கிகாபைட் வையுங்கள். கிராபிக்ஸ் கார்டில் மூன்று மொனிட்டர் கொழுவ வாய்கள் இருக்கின்றனவா என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலானவற்றில் டிஸ்பிளே போர்ட் மூன்றும் எச்.டி.எம்.ஐ. ஒன்றும் இருக்கும்.

திரை விஷயத்தில் பிள்ளைகள் சிலர் 4கே வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். சாதாரண முழு எச்.டி. மொனிட்டரில் 1920க்கு 1080, அதாவது 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். மூன்றையும் சேர்த்தாலும் 62 இலட்சந்தான். 4கே மொனிட்டர் ஒன்றில் மட்டும் 83 இலட்சம். கார்டுக்கு மூன்று சாதாரணத் திரை, ஒரு 4கே திரையை விட இலகுவான சுமை, பணப்பைக்கும் அப்படித்தான். பாவித்த மொனிட்டர் தாராளமாகப் போதும். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் கண்டி நகரக் கடைகளிலும் ஏறி இறங்கினால் அலுவலகங்கள் கழித்த மொனிட்டர்கள் ஒரே ரகத்தில் கிடைக்கும். ஐ.பி.எஸ். வகையாகப் பாருங்கள்; மற்ற வகையில் பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது நிறம் மாறும், நமக்கோ இரண்டு திரை எப்போதும் பக்கத்தில்தான். பழைய வி.ஜி.ஏ. வாய் மட்டும் உள்ளதை மலிவு என்று எடுத்துவிட வேண்டாம். மாற்றிக் கொழுவும் சாமான் வாங்கியே அந்த மலிவு கரைந்துவிடும்.

மூன்றையும் வைத்துவிட்டு ஒரே நீளப் படமாக விரித்தால் ஓரங்கள் இரப்பர் போல இழுபடும். பக்கத்து மலை பருத்துத் தெரியும். ஒவ்வொரு திரைக்கும் தனிக் கோணம் கொடுத்து, இடது திரைக்கு இடப்பக்கம் 48 பாகை, வலது திரைக்கு வலப்பக்கம் 48 பாகை என்று திருப்பி அமைக்க வேண்டும். எக்ஸ்-பிளேன் மென்பொருளில் இதற்கான இடம் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. 2020இல் வந்த மைக்ரோசொஃப்ட் பதிப்பில் ஆரம்பத்தில் இந்த வசதி இருக்கவில்லை, 2022இல்தான் பரீட்சார்த்தமாகச் சேர்த்தார்கள். அதன் அழகோ வேறு. செய்மதிப் படங்களை இணையத்திலிருந்து இழுத்துக் காட்டுவதால், கண்டி வாவியையும் ஹந்தானைத் தொடரையும் பிள்ளைகள் அடையாளம் கண்டு கூச்சலிடுவார்கள். இணையக் கட்டணம் வரும்போது நீங்கள் கூச்சலிடாமல் இருக்க டேட்டா அளவைக் கவனியுங்கள். காசே இல்லையென்றால் ஃபிளைட்கியர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதிலும் பல திரைகள் கொழுவலாம். பக்கத் திரை வாங்கும்வரை, ஒரு வெப் கெமராவும் ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் போதும்: தலையைத் திருப்பினால் திரையில் காட்சி திரும்பும். நான் பார்த்தவற்றில் செலவில்லாத கெட்டித்தனம் இதுதான்.

இரண்டாவது மொனிட்டருக்கு முன் கைத்தண்டை வாங்குங்கள். விசைப்பலகையால் விமானம் ஓட்டிப் பழகிய கை பிறகு திருந்துவது கஷ்டம். எயார்பஸ் விமானங்களில் ஸ்டியரிங் போன்ற சக்கரம் கிடையாது, பக்கத்தில் ஒரு தண்டுதான். ஆகவே ஒற்றைத் தண்டு மட்டமான சாமான் என்று பிள்ளை வெட்கப்படத் தேவையில்லை.

மேசைக்கு ஐந்தடி அகலமாவது வேண்டும். நம் மலைச்சரிவு வீடுகளின் அறைகளில் அதற்கு இடம் காண்பதே பெரும்பாடு. மரவேலை பாஸ் ஒருவரைக் கொண்டு சுவரோடு பலகை அடிப்பது, கடையில் விற்கும் இரும்புத் தாங்கிகளைவிட மலிவு. கணனியும் மூன்று திரையும் ஓடும்போது 450 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 2 மணித்தியாலம் என்றால் மாதம் 27 அலகு. மின்கட்டணம் படி படியாக ஏறுவது என்பதால், அந்த 27 அலகு உங்கள் வீட்டை அடுத்த படிக்குத் தள்ளுமா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். இணையக் கம்பியையும் மறக்காமல் கழற்றுங்கள். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு யூ.பி.எஸ். ஏன் என்று சொல்லத் தேவையில்லை. பாங்கு சொன்னதும் "இப்போதுதான் இறங்கப் போகிறேன் உம்மா" என்று பிள்ளை சாக்குச் சொன்னால், ஆகாயத்திலேயே விமானத்தை நிறுத்தி வைக்கும் விசை ஒன்று எல்லா மென்பொருளிலும் இருக்கிறது என்பதை உம்மாமார் அறிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. சில தாய்மார் குரலைத் தாழ்த்திக் கேட்பது. "நம்மட பிள்ளை விமானம் ஓட்டிப் பழகுது என்று வெளியே தெரிந்தால் பிரச்சினை வராதா?" இந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் நடந்ததைக் கண்ட மாவட்டம் இது. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தினக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் எத்தனை வீட்டு அலுமாரிகள் திறந்து காட்டப்பட்டன என்பதும் தெரியும். 2001 செப்டம்பருக்குப் பின் மைக்ரோசொஃப்ட் நிறுவனமே தன் மென்பொருளிலிருந்து அந்த இரட்டைக் கோபுரங்களை அகற்றியது. பயம் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஆனால் சட்டத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். 2019இல் தடை விதிக்கப்பட்டது ட்ரோன்களைப் பறக்கவிடுவதற்கு. மேசையில் இருந்தபடி திரையில் ஓட்டும் மென்பொருள் கடையில் பகிரங்கமாக விற்கும் சாமான். அதற்கு அனுமதிப்பத்திரம் என்று ஒன்று கிடையாது. மறைத்து வைத்தால்தான் மறைக்க ஏதோ இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே யந்திரம் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டாம், ஹோலில் இருக்கட்டும். வாங்கிய பில்கள் வாப்பாவின் பெயரில் ஒரு கோப்பில் இருக்கட்டும். வொரண்டிக்கும் அவை தேவை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் வந்து ஓட்டட்டும். தங்கச்சியும் ஓட்டட்டும்.

விமானியாவது பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் ஓட்டிய மணித்தியாலங்கள் எந்த அனுமதிப்பத்திரக் கணக்கிலும் சேராது. சர்வதேச நியமப்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 17 வயதும் 40 மணித்தியால உண்மைப் பறப்பும் வேண்டும். வர்த்தக விமானிக்கு 18 வயதும் 200 மணித்தியாலமும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சி நெறியென்றால் 150. இலங்கையில் இதை நடத்துவது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு, நிறங்களைப் பிரித்தறியும் சோதனையும் அதில் அடங்கும். எனவே பட்டியலில் எழுதப்படாத முதல் சாமான் ஒரு கண் பரிசோதனை. மொனிட்டர் வாங்கும் காசில் சிறு துளி அது. கணிதம், பௌதிகம், ஆங்கிலம் மூன்றும் குறையக் கூடாது. ஆங்கிலத்துக்கு மட்டும் இந்த யந்திரம் நேரடியாக உதவும்: 2001இலிருந்து இயங்கும் வாட்சிம் என்ற தொண்டர் வலையமைப்பில் இணைந்தால், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவராகப் பேசுவதும் ஒரு மனிதர்தான், அவருக்கு ஆங்கிலத்தில், குறித்த சொற்களில், தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது திரை வீட்டுக்கு வந்த அன்று பிள்ளை முதலில் கண்டியைச் சுற்றத்தான் போவான். சுற்றட்டும். கண்டியில் விமான நிலையம் இல்லை, ஆனால் பொல்கொல்ல நீரில் மிதவை விமானங்கள் இறங்கியதுண்டு. மகாவலி வழியே வந்து அங்கே இறங்கிப் பார்க்கட்டும். அடுத்த நாள் இரவு வேறொன்று கொடுங்கள். மட்டக்களப்பில் ஏறி, இருட்டில், முகிலுக்குள், மலைகளுக்கு மேலாகக் கட்டுநாயக்க வரவேண்டும். புறப்படுமுன் பீதுருதாலகால மலை 2,524 மீற்றர், அதாவது 8,281 அடி என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிக்கொள்ளட்டும். கீழே இறங்கலாம் என்று அவன் நினைக்கும் ஒவ்வொரு தடவையும், "விமான நிலையத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்? எப்படித் தெரியும்? வேறொரு மானியிலும் பார்த்தாயா?" என்று பக்கத்தில் இருந்து வாப்பா கேளுங்கள். அந்த ஓட்டத்துக்கு மட்டும் இரண்டு பக்கத் திரைகளையும் அணைத்துவிடச் சொல்லுங்கள்.